முதல் பிரசவம் சிசேரியன்: இரண்டாவது எப்படி, எங்கே?

கடலூர் பக்கத்தில் இரண்டாவது முறை உண்டாகியிருக்கும் பெண்ணிடம் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி, "மூத்தது நார்மலா, சிசேரியனா?" என்பதுதான். சிசேரியன் என்று பதில் வந்துவிட்டால் அதற்குமேல் கேள்வி கிடையாது. "அப்படியானால் இதுவும் ஆபரேஷன்தான்" என்று தெருவே தீர்ப்பு எழுதிவிடும். இன்னொரு பக்கம், கைப்பேசியில் நாலு காணொளி பார்த்துவிட்டு, "பயப்படாதே, உடம்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்" என்று தைரியம் சொல்லும் கூட்டம் ஒன்று இருக்கிறது. இரண்டு தரப்பாரும் அந்தப் பெண்ணின் பழைய ஆபரேஷன் குறிப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கில் தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன். நாடு முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் 21.5. ஆகவே இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கும் நம் ஊர்ப் பெண்களில் மிகப் பலருக்கு வயிற்றில் பழைய தையல் இருக்கிறது. இத்தனை பேரைத் தொடும் விஷயம், ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில், "போன தடவை சிசேரியன்தானே, தேதி குறித்துவிடலாமா?" என்ற ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது.

வழிகள் இரண்டு. 39 வாரம் முடிந்ததும் நாள் குறித்து மறுபடியும் அறுவை செய்துகொள்வது ஒன்று. வலி தானாக வரும்வரை காத்திருந்து சுகப்பிரசவத்துக்கு முயல்வது மற்றொன்று. ஆனால் வழி இரண்டு என்றாலும் முடிவு மூன்று. முயற்சி சுகப்பிரசவத்திலும் முடியலாம், பாதி வழியில் அவசர அறுவையிலும் முடியலாம். தாயின் உடம்புக்கு மிகக் குறைந்த சேதம் சுகப்பிரசவத்தில். நாள் குறித்த அறுவை நடுவில் நிற்கிறது. முயன்று தோற்று, களைத்த உடம்போடு அவசரமாகத் தியேட்டருக்குப் போவதுதான் மூன்றிலும் மோசமானது. ரத்தப்போக்கு, கிருமித் தொற்று, பக்கத்து உறுப்புகளில் காயம் எல்லாமே அதில் கூடுதல். எனவே, முயன்றால் வெற்றி கிடைக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, கிடைக்காவிட்டால் தாங்கிப் பிடிக்க அந்த மருத்துவமனையில் என்ன இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். என் கட்சி இதுதான்: நார்மலா, ஆபரேஷனா என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டு மருத்துவமனை தேடுவது தலைகீழ் வேலை. இடத்தை முதலில் பாருங்கள்.

ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் சொன்னது அது. அன்று கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டுவார்கள். அடுத்த பிரசவ வலியில் அந்தத் தழும்பு விரிந்துகொள்ளும் ஆபத்து உண்மையிலேயே பெரிது. பிறகு கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டும் முறை பரவியது. வெட்டு மாறிவிட்டது, வாக்கியம் மட்டும் மாறவில்லை.

அம்மா வீட்டு பீரோவில் இருக்கும் காகிதம்

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்து பண்ருட்டிக்கோ குறிஞ்சிப்பாடிக்கோ விருத்தாசலத்துக்கோ அனுப்பிவைப்பார்கள். அங்கே பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம். இரண்டாவது பிள்ளைக்குப் பல பேர் கணவன் ஊரிலேயே இருந்துவிடுகிறார்கள். மூத்த பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாயிற்று, அங்கேயும் இங்கேயும் அலைய முடியாது. முடிவெடுக்கத் தேவையான ஒரே காகிதம் அம்மா வீட்டு பீரோவில், ரேஷன் கார்டு ஜெராக்ஸ்களுக்கு நடுவில் கிடக்கும்.

என் சித்தி மகள் அரியாங்குப்பத்தில் குடியிருக்கிறாள். ஏழாம் மாதத்தில், "அக்கா, இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்று அப்படி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள். ஒரே பக்கம். மேலே முத்திரை பாதி விழுந்திருந்தது. "எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்., காரணம் சி.பி.டி." என்று ஒரு வரி. ஆண் குழந்தை, 2.8 கிலோ என்று அடுத்த வரி. அதற்குக் கீழே இரும்புச்சத்து மாத்திரை, தையல் பிரிக்க வர வேண்டிய தேதி. அவ்வளவுதான். எத்தனை மணி நேரம் வலி இருந்தது, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருந்தது, உள்ளே வெட்டு நேராக முடிந்ததா அல்லது கிழிந்து நீண்டதா, ஒன்றுமே இல்லை.

எல்.எஸ்.சி.எஸ். என்றால் கீழ்ப்பகுதி வெட்டு. அது நல்ல செய்தி. சி.பி.டி. என்றால் தாயின் இடுப்பெலும்பு வழியே குழந்தையின் தலை இறங்காது என்று பொருள். 2.8 கிலோ குழந்தைக்கு இப்படி எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம். அவளைக் கேட்டால், "வலி ஊசி போட்டார்கள். இரண்டு விரல் திறந்திருக்கிறது என்றார்கள். பிறகு கொடி சுற்றியிருக்கிறது, துடிப்பு குறைகிறது என்று சொல்லித் தியேட்டருக்கு அழைத்துப் போய்விட்டார்கள்" என்கிறாள். இரண்டு விரல் திறந்த நிலையில் தலை இறங்குமா இறங்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, காகிதத்தில் இருக்கும் காரணம் ஒன்று, நடந்தது வேறு. இந்த வேறுபாடு சின்ன விஷயம் இல்லை. இடுப்பு பத்தாது என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த மருத்துவர் அதைப் படித்துவிட்டு நேரே தேதி குறிப்பார்.

முதல் அறுவைக்கான காரணம் திரும்பி வரக்கூடியதா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் உட்கார்ந்த நிலையில் இருந்தது, பனிக்குடத்தில் தண்ணீர் குறைவு, உள்ளேயே மலம் கழித்துவிட்டது, துடிப்பு குறைந்தது, நஞ்சுக்கொடி கீழே இருந்தது. இவையெல்லாம் அந்தக் கர்ப்பத்தோடு போனவை. மறுபடியும் வந்தே தீரும் என்று இல்லை. முழுதாகத் திறந்து, வெகுநேரம் முக்கியும் தலை இறங்காமல் அறுவை செய்தார்கள் என்றால் வாய்ப்பு குறைகிறது, ஆனாலும் அற்றுப்போவதில்லை. பிரசவம் முன்னேறாமல் நின்றதால் அறுவை ஆனவர்களிலும் முயன்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது. சிசேரியனுக்கு முன்போ பின்போ ஒரு முறையாவது சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு மிக அதிகம், 85 முதல் 90 சதவீதம்.

வயிற்றின் மேல் தெரியும் தழும்பை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். தோலில் பிகினி வெட்டு போல் குறுக்காக இருக்கும், கர்ப்பப்பையில் நெடுக்காக வெட்டியிருப்பார்கள். குறைமாதக் குழந்தைக்கும் குறுக்காகக் கிடந்த குழந்தைக்கும் சில நேரம் அப்படிச் செய்ய வேண்டிவரும். அதைச் சொல்வது ஆபரேஷன் குறிப்பு ஒன்றுதான். 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி உள்நோயாளியின் ஆவணங்களை மருத்துவமனை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மூத்த பிள்ளைக்கு மூன்று வயது தாண்டுவதற்குள் எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என் சித்தி மகளுக்கு நல்ல வேளையாகக் கிடைத்தது. கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு, நீட்சி ஏதும் இல்லை, அறுவைக்குப் போகும்போது 4 சென்டிமீட்டர் திறப்பு. "இடுப்பு பத்தாதவள்" என்று மாமியார் வீட்டில் மூன்று ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு அந்த ஒரு வரியில் அடிபட்டுப் போனது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "தையல் கனம் 2 மி.மீ." என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் இருப்பவர்களும் உண்டு. மிக மெல்லிய தழும்பில் ஆபத்து கூடுகிறது என்பது சரி. ஆனால் இத்தனை மில்லிமீட்டருக்கு மேல் பத்திரம், கீழே என்றால் ஆபத்து என்று எல்லா மருத்துவர்களும் ஒப்புக்கொண்ட கோடு எதுவும் கிடையாது. அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எண்களைப் படிக்கும் விதம்

இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டியை எடுத்துக்கொள்கிறேன். எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைகளின் கணக்கு அது. அந்த நினைப்போடு படிக்க வேண்டும்.

ஒரே ஒரு சிசேரியன் ஆனவர்கள் முயன்றால் 100க்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முயற்சியின்போது பழைய தையல் விரிந்து கர்ப்பப்பை கிழிவது ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு. நாள் குறித்த அறுவையில் 10,000 பேரில் இரண்டு பேருக்கும் குறைவு. பிரசவத்தோடு தொடர்புடைய குழந்தை இறப்பு, முயற்சியில் 10,000க்கு 4, அறுவையில் 1. மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்படுவது முயற்சியில் 10,000க்கு 8. அறுவையில் ஒன்றுக்கும் குறைவு. தாயின் இறப்பு எதிர்ப்பக்கம் சாய்கிறது: சுகப்பிரசவ முயற்சியில் ஒரு லட்சத்துக்கு 4, நாள் குறித்த அறுவையில் 13. பிறந்த குழந்தைக்குச் சில மணி நேரம் மூச்சு வாங்குவது அறுவையில் 100க்கு 4 அல்லது 5, முயற்சியில் 2 அல்லது 3.

குழந்தைக்கு ஆபத்து என்று சொல்லி மிரட்டுகிறவர்கள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று இதே வழிகாட்டியில் இருக்கிறது. சிசேரியனுக்குப் பிறகு முயலும்போது குழந்தைக்கு உள்ள ஆபத்து, முதல் பிள்ளையைப் பெறும் எந்தப் பெண்ணின் பிரசவத்திலும் உள்ள ஆபத்துக்கு நிகரானது. முதல் பிரசவத்தை வைத்து யாரும் இப்படிப் பயமுறுத்துவதில்லை.

200இல் ஒன்று என்பதைப் பெரிது என்றும் சொல்லலாம், சிறிது என்றும் சொல்லலாம். கிழிந்துவிட்டால் குழந்தைக்கு ரத்தம் போவது நிமிடங்களில் நின்றுவிடும். தாய்க்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். தியேட்டர் பக்கத்து அறையில் இருந்தால் பெரும்பாலும் இருவரையும் காப்பாற்றிவிடுகிறார்கள். தியேட்டரைத் திறக்க ஆள் வர வேண்டும் என்றால், 200இல் ஒன்று என்ற அதே எண் வேறொரு எண்.

உடம்பு தேறுவதைப் பற்றிச் சுருக்கமாக. சுகப்பிரசவம் ஆனவள் மறுநாள் எழுந்து நடக்கிறாள். மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொள்ள முடிகிறது. இரண்டாவது அறுவையில் முதல் அறுவையின் ஒட்டுதல்கள் குறுக்கே வரும், சிறுநீர்ப்பையை ஒதுக்கி வெட்ட வேண்டியிருக்கும், தேறவும் நாளாகும். அதற்காகச் சுகப்பிரசவத்தில் வலியே மிஞ்சாது என்று சொன்னால் அது பொய். கீழே தையல் விழலாம், ஆயுதம் போட வேண்டி வரலாம், பிற்பாடு இருமினால் சிறுநீர் கசிவது சிலருக்கு நீடிக்கும். இதை நம் ஊரில் பெண்கள் பெண்களிடம்கூடச் சொல்வதில்லை.

இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் போன்ற ஊர்களில் உள்ள சிறிய நர்சிங் ஹோமை எடுத்துக்கொள்வோம். மகப்பேறு மருத்துவர் திறமையானவர், மாடியிலேயே குடியிருக்கிறார். ஆனால் மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வர வேண்டும். ஊரில் உள்ள நாலைந்து மருத்துவமனைகளுக்கும் அவர்தான் ஓடுகிறார். ரத்தம் வேண்டும் என்றால் உறவினர் குளிர்ப்பெட்டியோடு ரத்த வங்கிக்குப் போக வேண்டும். நாள் குறித்த அறுவைக்கு இந்த ஏற்பாடு போதும், காலை ஆறு மணிக்கு எல்லோரையும் வரச் சொல்லிவிடலாம். நடு இரவில் விரியும் தையலுக்குப் போதாது. "என்னிடம் முயற்சி வேண்டாம், பெரிய இடத்துக்குப் போங்கள்" என்று இங்கே ஒரு மருத்துவர் சொன்னால் பணத்தாசை பிடித்தவர் என்று அவரைத் திட்டாதீர்கள். தன் இடத்தின் எல்லை அவருக்குத் தெரிகிறது. எனக்குக் கோபம் வருவது வேறு வகையினர்மீது. எட்டு மாதமும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு 38ஆம் வாரத்தில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று தேதி கொடுப்பார்கள். வேறு இடம் தேட அப்போது நேரம் இருக்காது.

கேட்க வேண்டியதை நேராகக் கேளுங்கள். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்க மருத்துவர் கட்டடத்துக்குள் இருப்பாரா? அறுவை என்று முடிவெடுத்தால் குழந்தை வெளியே வர எத்தனை நிமிடம் ஆகிறது? வலி நேரம் முழுவதும் குழந்தையின் துடிப்பை சி.டி.ஜி. கருவியில் தொடர்ந்து பார்ப்பீர்களா? என் ரத்த வகை உள்ளே கிடைக்குமா? போன ஆண்டு இப்படி முயன்றவர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஆனது? கடைசிக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான்.

இந்தக் கேள்விகளோடு போகத் தகுந்த இடங்கள் நம் சுற்றுவட்டாரத்தில் குறைவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அவசர மகப்பேறு சிகிச்சைக்கான சீமாங் மையங்கள் இத்தகைய அரசு மருத்துவமனைகளில்தான் இயங்குகின்றன. சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். செலவு செய்ய முடிந்தவர்களுக்குக் கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பக்கம் தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் கடலூர் சாலையிலேயே இருக்கின்றன. பயிற்சி மருத்துவர்கள் இரவிலும் விழித்திருக்கும் இடம் என்பதே இத்தகைய மருத்துவமனைகளின் பெரிய பலம். கூட்டம், காத்திருப்பு, ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர், கணவரை உள்ளே விடாத வார்டு இவையெல்லாம் அதற்குக் கொடுக்கும் விலை. தனியாரில் கிடைக்கும் தனி அறையும் தெரிந்த முகமும் எனக்கும் பிடிக்கும்தான். ஆனால் இந்த ஒரு பிரசவத்துக்கு அவை இரண்டாம்பட்சம்.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் ஜிப்மர் ஊரின் மறுகோடியில் இருக்கிறது. அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், மரப்பாலம், இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று ஊரையே கடந்து போக வேண்டும். மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலையில் 108 ஆம்புலன்ஸே ஊர்ந்துதான் போகும். கார்த்திகை, மார்கழியில் நாள் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவேதான் கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் பெண்ணையாறு பெருகிக் கடலூர்ப் பக்கக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. தையல் உள்ள பெண் வலி எடுத்த பிறகு பாலத்தில் தண்ணீர் வடியக் காத்திருக்க முடியாது. மழைக்காலத்தில் நாள் என்றால், 38ஆம் வாரத்திலேயே மருத்துவமனைக்குப் பக்கத்தில் உறவினர் வீடு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு வழியில்லை, வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், மருத்துவமனை அந்தப் பக்கம் என்றால் நாள் குறித்த அறுவையே மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

என் சித்தி மகள் முயன்றாள். தேதிக்கு இரண்டு நாள் முன்பே வலி வந்தது. 7 சென்டிமீட்டர் வரை திறந்தது. பிறகு குழந்தையின் துடிப்பு இறங்கி ஏறவில்லை. பழைய தையல் ஒன்றும் விரியவில்லை. ஆனாலும் மருத்துவர்கள் காத்திருக்கவில்லை, அரை மணிக்குள் குழந்தையை எடுத்துவிட்டார்கள். அழுத குழந்தை, அழுத தாய், இருவரும் நலம். "வீணாக வலியும் பட்டு வெட்டும் பட்டாள்" என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். வலியும் வெட்டும் உண்மைதான், வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான்கில் ஒருவருக்கு இப்படி ஆகும் என்று அவளுக்கு முன்பே தெரியும். அந்த ஒருவராக இருக்க நேர்ந்தபோது, பக்கத்து அறையில் எல்லாம் தயாராக இருந்தது.

வலியை வரவழைப்பது

தானாக வரும் வலி வேறு, மருந்தால் வரவழைக்கும் வலி வேறு. மருந்து கொடுத்து வலியை வரவழைத்தாலோ கூட்டினாலோ தையல் விரியும் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது. நாள் தள்ளிப்போனால் ஜெல் வைப்பதும், மாத்திரை வைப்பதும் முதல் பிரசவத்தில் சாதாரணம். பழைய தையல் உள்ளவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை கூடவே கூடாது. சில இடங்களில் பலூன் குழாய் வைத்தோ, அளவு பார்த்து ஆக்ஸிடோசின் ஏற்றியோ கவனமாகச் செய்கிறார்கள். 40 வாரம் தாண்டியும் வலி வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை எட்டாம் மாதத்திலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கி வலியை வரவழைக்கும் பாட்டி வைத்தியம் இங்கே வேண்டவே வேண்டாம்.

வலிக்கும் வலிக்கும் நடுவே ஓய்வில்லாமல் வலித்துக்கொண்டே இருந்தால், பழைய தையல் உள்ள இடத்தில் தனியாக வலித்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் அந்த நிமிடமே மருத்துவமனை. பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி தையலின் வலியை மறைத்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு, சி.டி.ஜி. ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஊசிக்குத் தடையில்லை. வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. தையல் உள்ளவளுக்கு அந்தப் பேச்சே கூடாது.

ஒப்பீடே தேவைப்படாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். கர்ப்பப்பையில் நெடுக்கு வெட்டு உள்ளவர்கள், ஏற்கெனவே ஒரு முறை கிழிந்தவர்கள், நஞ்சுக்கொடி வாயை அடைத்துக்கொண்டிருப்பவர்கள்: இவர்களுக்கு அறுவைதான். இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு மிகச் சில இடங்களில் முயல்கிறார்கள். ஆபத்து கூடுதல் என்பதால் பெரும்பாலான இடங்களில் மறுத்துவிடுவார்கள். இரண்டு பிரசவங்களுக்கும் நடுவே ஒன்றரை ஆண்டுகூட இல்லாதவர்கள், சர்க்கரையோடு குழந்தை நாலு கிலோவை நெருங்குபவர்கள், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு வழி அடைபடவில்லை, குறுகுகிறது.

மூன்றாவது குழந்தை

நம் குடும்பங்களில் இதை முதலிலேயே பேசிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒவ்வொரு அறுவைக்கும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் வேர்விட்டுப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து ஏறுகிறது. அமெரிக்காவில் 2006இல் வெளியான பெரிய ஆய்வில், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்த பெண்களில் இரண்டாவது சிசேரியனின்போது 11 சதவீதத்தினருக்கும், மூன்றாவதின்போது 40 சதவீதத்தினருக்கும் இப்படி ஆகியிருந்தது. ரத்தம் கொட்டி, கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரக்கூடிய நிலை அது. மூன்றாவது குழந்தை வேண்டும் என்ற எண்ணம் சிறிதளவு இருந்தாலும் இரண்டாவதில் முயல்வதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

இரண்டோடு போதும் என்பவர்களுக்கு இந்த வாதம் வலுவிழக்கிறது. நம் ஊரில் பெரும்பாலானோர் இந்தக் கட்சிதான். "சிசேரியன் என்றால் அப்படியே குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் முடிந்துவிடும்" என்று அவர்கள் சொல்வது அசட்டுத்தனம் அல்ல. ஒரே மயக்கத்தில் இரண்டு வேலை முடிகிறது. அதே சமயம், சுகப்பிரசவத்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் சிறிய வெட்டில் அதைச் செய்துகொள்ளலாம், 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கு.க.வுக்காக மட்டும் வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கணவன் செய்துகொள்ளும் வாசக்டமி என்று ஒன்று இருப்பதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதே இல்லை.

நாள் குறிக்கும்போது

அறுவை என்று முடிவானதும் ஜோதிடர் உள்ளே வருவார். நட்சத்திரம், லக்னம் பார்ப்பதை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் 39 வாரம் முடிந்த பிறகு உள்ள நாட்களில் பார்க்கட்டும். சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று பங்குனிக் கடைசியில் 37 வாரக் குழந்தையை வெளியே எடுத்து, அது மூச்சு வாங்கிக்கொண்டு பச்சிளங்குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதை எந்த நல்ல நேரமும் சரிசெய்யாது.

பணத்தைப் பொறுத்தவரை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ரூ.18,000 மதிப்புள்ள உதவி தவணைகளாக வருகிறது. கடலூர் முகவரியில் பதிவு செய்துவிட்டுப் புதுச்சேரியில் பிரசவம் வைத்துக்கொள்பவர்கள் தங்கள் தவணைக்கு என்ன ஆகும் என்று கிராம சுகாதார செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எல்லை தாண்டினால் பிறப்புப் பதிவும் அங்கேதான்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முன்பு ஒரு சுகப்பிரசவமும் ஆகியிருக்கிறது, அல்லது போன அறுவைக்கான காரணம் இப்போது இல்லை, தழும்பு கீழ்ப்பகுதிக் குறுக்கு, இரவில் ஆள் உள்ள மருத்துவமனை அரை மணித் தூரத்துக்குள்: முயலுங்கள். முழுதாகத் திறந்தும் இறங்காமல் அறுவை ஆனது, இந்தக் குழந்தை அதைவிடப் பெரிது, இரண்டோடு போதும்: நாள் குறித்துக்கொள்ளுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை. நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் வலி தானாக வந்தால் முயல்வது, 40 வாரம் கடந்தும் வராவிட்டால் அறுவை என்று நிபந்தனையோடு முடிவெடுக்கலாம். பல மருத்துவர்கள் இதற்கு ஒத்துக்கொள்கிறார்கள், கேட்பவர்கள்தான் குறைவு.

அறுவை என்று முடிவெடுத்தவர்களும் இதை ஒரு முறை பேசிவைக்க வேண்டும். 39 வாரத்துக்கு நாள் குறித்துக் காத்திருப்பவர்களில் பத்தில் ஒருவருக்கு அந்தத் தேதிக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அப்படி வந்தால் உடனே அறுவையா, அல்லது மருத்துவமனைக்குள் வரும்போதே நன்றாகத் திறந்திருந்தால் தொடர விடலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, தாய் சேய் நல அட்டையிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். கூடவே பழைய ஆபரேஷன் குறிப்பின் ஜெராக்ஸ் ஒன்றை அந்த அட்டைக்குள் செருகி வையுங்கள். இரவில் வார்டில் இருக்கும் மருத்துவர் உங்களை அதற்கு முன் பார்த்திருக்கவே மாட்டார்.